எல்லாரையும் ஏற்றும் பரிசல்

முன்னொரு காலத்தில் குறுவாய் நாட்டைச் செண்பகராஜன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. காலையில் யாராவது ஒரு யோசனை சொன்னால் சாயங்காலத்துக்குள் நாடெங்கும் தண்டோரா போட்டுவிடுவான், அவ்வளவுதான் அவனுடைய குறை. அந்தக் குறையால் அரண்மனைப் பரிசல்காரி மாரக்காளும் அவள் மகளும் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

மகள் பேர் செவ்வந்தி. காது மந்தம். கரையூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவளைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பார். எட்டு வயதில் தன் பேரில் பாதி எழுதிவிட்டாள். மீதிப் பாதியையும் அவள் எழுதுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று மாரக்காளுக்கு ஆசை. தனக்கு ஒரு எழுத்தும் தெரியாததால் அந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஊருக்கு ஊர் பள்ளி வைத்தவர் மந்திரி திருமேனியார். அதனால் அவருக்கு நல்ல பேர். அந்தப் பேரைக் கேட்டாலே சபையிலிருந்த இன்னொரு பிரபுவான வல்லபராயருக்கு வயிறு எரியும். ஒருநாள் ராயர் சபையில் மெல்ல வாயைத் திறந்தார்.

"ராஜா, ஊர்ப் பள்ளிகளுக்கு எதற்குக் களஞ்சிய நெல்லைக் கொட்ட வேண்டும்? பிள்ளைக்கு ஒரு செப்பு முத்திரை கொடுத்துவிடுங்கள். பெற்றவர்கள் பிடித்த பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். முத்திரை போகிற இடத்துக்கு நெல்லும் போகட்டும்."

"ஜனங்களே தேர்ந்தெடுப்பதா? பேஷ், பேஷ்" என்றான் ராஜா.

"பள்ளிக்கூடமும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் என்ன செய்வது, ராஜா?" என்று மந்திரி கேட்டார். தண்டோராக்காரன் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான்.

கோட்டை வாசலில் மூன்று பெரிய பள்ளிகள். மூன்றும் ராயருடைய மைத்துனன்மார் நடத்துவது. வசதியும் சூட்டிப்பும் உள்ள பிள்ளைகள் அங்கே போனார்கள். நெல் வராமல் கரையூர்ப் பள்ளியைச் சாத்தினார்கள். வாத்தியார் பிழைப்புத் தேடி எங்கோ போய்விட்டார். மாரக்காள் முத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று பள்ளிக்கும் நடந்தாள். "காது கேட்காத பிள்ளையைச் சேர்த்தால் எங்கள் பேர் கெட்டுவிடும், வேறு இடம் பார்" என்றார்கள். வேறு இடம் ஏது? அடுத்த வருஷம் செவ்வந்தியை மலைக்கு அப்பால் ஒரு பண்ணையார் வீட்டு வேலைக்கு அனுப்பினாள். "பள்ளிக்கூடம் கிடைச்ச அன்னிக்கே வந்து கூட்டியாந்துடுவேன்" என்று மகள் காதோரம் கத்திச் சொல்லித்தான் அனுப்பினாள். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

கடைசியில் சபைக்கே வந்து அழுதாள். ராயர் சிரித்தார். "உனக்கு முத்திரை கொடுத்தோமா இல்லையா? தேர்ந்தெடுக்கத் துப்பில்லை என்றால் ராஜா என்ன செய்வார்?" ராஜாவும் தலையாட்டினான்.

வாசலில் மந்திரி அவளை நிறுத்தி, "நீ என்னம்மா செய்யச் சொல்கிறாய்?" என்று கேட்டார்.

மாரக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆடிப் பெருக்கன்னிக்கு ராசாவை அக்கரைக்குக் கொண்டுபோறது நான்தானே சாமி. அந்த ஒருநாள் என் பரிசலைக் கவுத்துப் போட்டுடறேன். மத்த மூணு பரிசலும் என் அண்ணன் தம்பிங்களோடதுதான், மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க."

"கவிழ்த்துப் போடு. பழி வந்தால் என்மேல் வரட்டும்."

பெருக்கன்று பொழுது சாய்வதற்குள் அக்கரை அம்மனுக்கு ராஜா கையால் விளக்கேற்றியாக வேண்டும். பரிவாரத்தோடு வந்தவன் கவிழ்ந்து கிடந்த பரிசலைப் பார்த்தான். மந்திரி ஒரு செப்பு முத்திரையை அவன் கையில் வைத்து, "மூன்று பரிசல் நிற்கிறது, ராஜா. பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள்" என்றார்.

ராஜா உற்சாகமாக முதல் பரிசலுக்குப் போனான்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?" என்றான் பரிசல்காரன்.

"தெரியாது."

"அப்ப ஏத்த மாட்டோம். நீச்சல் தெரிஞ்சவங்களை மட்டும்தான் ஏத்துவோம். எங்க பரிசல்ல வந்து முங்கினவங்க ஒருத்தருமில்லைன்னு ஊரெல்லாம் பேரு."

இரண்டாவது பரிசல்காரன் ராஜாவின் தொப்பையைப் பார்த்தான். "நாங்கதான் எப்பவும் முதல்ல கரை சேருவோம். கனமான ஆளை ஏத்தினா பிந்திடும்."

மூன்றாமவன், "உங்க அப்பாரு எங்க பரிசல்ல வந்தவருங்களா?" என்று பணிவாகக் கேட்டான்.

"முத்திரை வைத்திருக்கிறேனடா."

"வச்சிருக்கீங்க. நீங்க எங்களைத் தேர்ந்தெடுத்தீங்க. நாங்க உங்களைத் தேர்ந்தெடுக்கலையே."

முதலில் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வெயில் மஞ்சளாக மாறியதும் கோபம் வந்தது. "நீச்சல் தெரிந்தவனுக்குப் பரிசல் எதற்கு? தெரியாதவனுக்குத்தானே வேண்டும்" என்று கத்தினான்.

மாரக்காள் முன்னால் வந்து கும்பிட்டாள். "அதைத்தான் ராசா ஆறு வருசமா நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

ராஜா அவளைப் பார்த்தான். ராயரைப் பார்த்தான். ராயர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரக்காள் தன் பரிசலை நிமிர்த்தி ராஜாவை ஏற்றிக்கொண்டாள். அந்த வருஷம் அம்மனுக்கு விளக்கு இருட்டிய பிறகுதான் ஏறியது.

மறுநாளே உத்தரவு வந்தது. ஊர்ப் பள்ளிகளுக்கு நெல் திரும்பப் போகும். பொதுப் பரிசலில் இனி வல்லபராயர் துடுப்புப் போடுவார், வருகிற எவரையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு ஆடு மாடு முதற்கொண்டு ஏற்றினார். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது.

கரையூர்ப் பள்ளி திறந்த அன்று ராஜாவே பரிசோடு வந்தான். மாரக்காள் சொன்ன சொல்படி மலைதாண்டிப் போய் மகளைக் கூட்டி வந்திருந்தாள். செவ்வந்திக்கு இப்போது பதினைந்து வயது. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். ஐந்து வயதும் ஆறு வயதுமாகப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நான் எங்க உட்காரட்டும்?" என்றாள். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கக் கேட்டதில் சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"முதல் வரிசையில் உட்கார், தாயே" என்றான் ராஜா. அவளுக்கு அது கேட்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தாள். பிள்ளைகள்மேல் புழுதி படாமல், குனிந்து, ஓரத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

ராஜா பதறிப்போய் அவளைத் தடுக்கக் கை நீட்டினான்.

"விடுங்க ராசா. அவளுக்கு இப்ப அதுதான் தெரியும்" என்றாள் மாரக்காள்.