கச்சின் உறை

"சாமி, இது கச்சின்காரன் கத்திதானே?"

மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து போ தெய்ன் கேட்பது இது ஒன்றைத்தான். தியானம் கற்றுக்கொள்ள வந்தவர் என்று பெயர்.

குரு அவரைவிட இளையவர். துறவியாகும் முன், பர்மியர், ஷான், கச்சின் என்று எல்லா இனத்தாரும் கூடும் மலைச் சந்தைகளில் கத்தி விற்றவர்.

போ தெய்னின் மகனைக் கொன்ற கத்தி அது. கத்தியை உடம்பிலும் உறையைப் பக்கத்திலும் விட்டுவிட்டு எவனோ ஓடிவிட்டான்.

இத்தனை நாளும் அதைத் தொடாத குரு, இன்றுதான் கையில் வாங்கினார்.

"எதை வச்சுக் கச்சின்னு சொல்றீங்க, பெரியவரே?"

"உறையப் பாருங்க. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் திறப்பு. அவங்கதான் இப்படிப் போடுவாங்க."

"ஆமா, உறை கச்சின்."

உறையைக் கழற்றித் தரையில் வைத்தார். பிடியைத் தணலில் காட்டினார். உள்ளே இருந்த அரக்கு இளகி, பிடி தனியாக வந்தது.

"இந்தப் பிடி உங்க பர்மாக்காரங்க வேலை."

அலகைத் தட்டிப் பார்த்தார்.

"இது ஷான் கொல்லன் அடிச்சது. இந்த மலையில எல்லாரும் அலகை அவன்கிட்டதான் வாங்குவாங்க. பிடிய அவங்கவங்க ஊர்ல பூட்டிக்குவாங்க. உறை உடைஞ்சா, சந்தையில கிடைச்சத வாங்கிச் செருகிக்குவாங்க."

போ தெய்னின் முகம் கறுத்தது. மகன் செத்த அன்றுகூட அப்படிக் கறுத்ததில்லை.

"அப்போ கொன்னது யாரு?"

"கத்தி அதச் சொல்லாது."

"சொல்லணும், சாமி. கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரம் அடங்கிய பிறகு வருகிற புத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பழமொழி ஒன்றும் இல்லை.

குரு அவரையே பார்த்தார்.

"உங்க பையனுக்கு அப்புறம் இது யார் மேல பட்டது?"

போ தெய்ன் தரையில் கிடந்த உறையைப் பார்த்தார்.

"சந்தையில ஒருத்தன். இதே மாதிரி உறை போட்டிருந்தான். உப்பு வாங்கிட்டு நின்னான்."

"அவனுக்கு அப்பா இருக்காரா?"

"இருக்கார். காயத்தோட அகலத்த விரல்ல காட்டி, இது எந்தக் கூட்டத்துக் கத்தின்னு ஊர் ஊராக் கேட்டு அலையறார்."

குரு பிடியை மறுபடி பூட்டினார். கத்தியை உறையில் செருகி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அந்த அப்பாகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க."