சடையப்பக் கரடியின் தண்ணீர்த் தானம்

சடையப்பன் என்ற கரடிக்கு அந்தக் காட்டில் இல்லாத வசதி இல்லை. விசாலமான குகை. குகைக்குள்ளேயே வற்றாத ஊற்று. பின்னால் புதரும் புங்கமரமுமாக ஒரு கொல்லை. குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொல்லைக்கு ஒரு பறவைகூட வருவதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த எருமையின் முதுகிலோ எந்நேரமும் நாலு மைனாக்கள் உட்கார்ந்திருக்கும். உண்ணி பொறுக்கத்தான் உட்காருகின்றன என்பது காட்டுக்கே தெரியும். ஆனாலும் எல்லோரும் எருமைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று வாயாரப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்கிற அன்றெல்லாம் சடையப்பனுக்குத் தேன்கூடக் கசந்தது.

அந்த வருடம் சித்திரையிலேயே ஓடை வற்றிவிட்டது. எருமை முதலான பெரிய மிருகங்கள் மலைக்கு அப்பால் இருந்த ஏரிக்குப் போய்விட்டன. குஞ்சு வைத்திருந்த பறவைகளால் போக முடியவில்லை. ஒரு கொண்டைக்குருவியின் இரண்டு குஞ்சுகள் அப்போதுதான் கூட்டைவிட்டு இறங்கியிருந்தன. அவற்றுக்குப் பறக்கவும் தெரியவில்லை, தாகம் தாங்கவும் முடியவில்லை. காடே கவலையில் கிடந்தது. சடையப்பனுக்கு மட்டும் அதில் ஒரு நல்ல வாய்ப்பு தெரிந்தது.

மலைக்கோயிலில் பொங்கல் வைக்க வந்தவர்கள் ஒரு அண்டாவையும் அதன் மூடியையும் மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். சடையப்பன் இரண்டையும் தூக்கிவந்து, அண்டாவைக் கொல்லை நடுவில், நாலு திசையிலிருந்தும் தெரிகிற பாறைமேல் வைத்து, ஊற்றுத் தண்ணீரை நிரப்பியது. நிழல் இல்லைதான். ஆனால் நிழலில் வைத்தால் யார் கண்ணில் படும்?

திறப்பு விழாவுக்கு ஒரு நரி வந்து பேசியது. யார் வீட்டு விழாவென்றாலும் அதுதான் பேசும். தாகத்தில் வாடிய பறவைகள் மரத்தில் காத்திருக்க, நரி சடையப்பனின் கருணையைப் பற்றியும், பாட்டனாரின் கருணையைப் பற்றியும், அண்டாவின் வேலைப்பாட்டைப் பற்றியும் வெயில் உச்சிக்கு ஏறும்வரை பேசியது. பிறகு சடையப்பன் அண்டாவுக்குக் குறுக்கே கட்டியிருந்த ஒரு காட்டுக்கொடியைக் கடித்து அறுத்து, தண்ணீரைப் பொதுவுக்கு விட்டது.

அதற்குள் தண்ணீர் சுட்டது. முதலில் வந்த புறா அலகை வைத்ததும் எடுத்துவிட்டது. அடுத்து வந்த சிட்டு விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழுந்தது. சடையப்பன் பதறிப்போய்க் கையை விட்டுத் துழாவி அதை வெளியே எடுத்துப் போட்டது. உயிர் காத்த வள்ளல் என்று நரி உடனே ஒரு பட்டம் கொடுத்தது. சிட்டு விழுந்தது யார் வைத்த அண்டாவில் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் மரம் காலியாகிவிட்டது.

மூன்று நாள் சடையப்பன் அண்டாவுக்குப் பக்கத்திலேயே, நன்றி சொல்ல வருகிறவர்களுக்காக உட்கார்ந்திருந்தது. யாரும் வரவில்லை. நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று புங்கமரத்து அணிலிடம் புலம்பியது.

அணில் தாட்சண்யம் பார்க்காமல் சொன்னது. அண்டா ஆழம், மூடியை மல்லாத்தி வைத்தால் தாம்பாளம் மாதிரி இருக்கும், அதில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் போதும். நடுவில் கால் ஊன்ற ஒரு கல் வேண்டும். புதருக்குப் பக்கத்தில் நிழலாக இருக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும்.

“அவ்வளவுதானே?” என்றது சடையப்பன்.

“இன்னும் ஒன்று இருக்கிறது ஐயா. நீங்கள் அங்கே இருக்கக் கூடாது.”

சடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நான் இல்லாவிட்டால், வைத்தது யார் என்று எப்படித் தெரியும்?”

“தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?”

போதாதுதான். ஆனாலும் வேறு வழியில்லாமல் சடையப்பன் எல்லாவற்றையும் செய்துவிட்டு, குகையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் புறா வந்து குடித்தது. பின்னாலேயே தவிட்டுக்குருவிக் கூட்டம் இறங்கி, தண்ணீரை வாரி இறைத்துக் குளித்தது. கடைசியாகக் கொண்டைக்குருவி தன் குஞ்சுகளைப் புதர் வழியாகத் தத்தித் தத்தி அழைத்துவந்தது. குஞ்சுகள் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி விழுங்கியதைப் பார்த்தபோது, சடையப்பனுக்கு என்னவோபோல் இருந்தது. ஒரு கணம் தன் பெயர்கூட அதற்கு நினைவில் இல்லை.

அந்தக் கணம் பாழாய்ப்போன தவிட்டுக்குருவி ஒன்றின் வாயால் கெட்டது. தண்ணீர் வைத்த புண்ணியவான் யாரோ என்று அது கேட்டது.

“எருமையாகத்தான் இருக்கும். வேறு யாருக்கு அந்த மனசு வரும்?” என்றது கொண்டைக்குருவி.

ஏரிக்கரைச் சேற்றில் புரண்டுகொண்டிருந்த எருமைக்கா இந்தப் பெயர்! சடையப்பன் தலைகால் புரியாமல் பாய்ந்து வெளியே வந்தது. “நான்தான்! நான்தான் வைத்தேன்!” என்று அது போட்ட கூச்சலில் காடு அதிர்ந்தது. பறவைகள் சிதறின. கால் பட்டு மூடி கவிழ்ந்து, தண்ணீர் மண்ணில் ஓடிப்போனது. குஞ்சுகளில் ஒன்று பறக்கத் தெரியாமல் ஓடி முள்ளில் மாட்டிக்கொண்டு கத்தியது. தாய்க்குருவி திரும்பி வந்து, கரடியின் முகத்துக்கு நேரே சிறகடித்துக் குஞ்சை மறைத்து நின்றது. அதன் கண்ணில் சடையப்பன் நன்றியைத் தேடிப் பார்த்தது. அங்கே இருந்தது பயம் மட்டும்தான். சடையப்பன் மெதுவாகப் பின்வாங்கி, குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அணில் முள்ளை விலக்கிக் குஞ்சை விடுவித்தது. கரடியை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று கொண்டைக்குருவிக்கு வாக்குக் கொடுத்தது. பிறகு சடையப்பனிடம் போய், பறவைகள் நடந்ததையெல்லாம் புரிந்துகொண்டன என்றும், இனி தினமும் அதன் புகழைப் பாடப்போவதாகவும் சொன்னது.

சடையப்பன் தலையைத் தூக்கியது. “என் முன்னாலா?”

“கூச்சப்படுகின்றன ஐயா. உங்களைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். நீங்கள் குகைக்குள் இருந்தால்தான் பாட்டு வரும்.”

பெரியவர்களைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று சடையப்பன் ஒப்புக்கொண்டது. அன்று முதல் விடிவதற்குள் எழுந்து, மூடியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிவிட்டு உள்ளே போய்விடும். வெயில் ஏறியதும் புதர்ப்பக்கம் ஒரே கீச்சுக்குரல். தவிட்டுக்குருவிகள் கல்லில் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்ட சத்தத்தைக்கூட, வரிக்கு வரி தன் புகழாகக் கேட்டு, சடையப்பன் தாளம் போட்டுத் தலையாட்டியது. அந்தக் கோடையில் கொண்டைக்குருவியின் குஞ்சுகள் இரண்டும் பிழைத்து, பறக்கவும் கற்றுக்கொண்டன.

கொடுப்பது பிறருக்குப் பயன்பட வேண்டுமானால், கொடுத்தவர் முதலில் அதைவிட்டு விலகி நிற்க வேண்டும்.