வெறுங்குடத்தில் குடியிருந்தவன்

மாதம் மும்மாரி பெய்த காலத்தில், குளக்கரையில் இருந்த இருளாயியின் குடிசையைப் பறிக்க ஒரு ஜமீன்தாருக்கு ஆசை வந்ததாம்.

"வெறுங்குடத்தைக் கவிழ்த்தபடியே குளத்துக்குள்ள அமுக்கித் தண்ணி நிரப்பு. முடியாட்டி குடிசையைக் காலி பண்ணு" என்றார், ஊரைக் கூட்டி.

இருளாயி அமுக்கிப் பார்த்தாள். தண்ணீர் ஏறவில்லை.

"சாமி, இது வெறுங்குடமில்லை. உள்ளே காத்து குடியிருக்கு. அது போனாத்தானே தண்ணி வரும்?"

"கண்ணுக்கே தெரியாதவன் குடியிருக்கானாக்கும்?"

"அப்போ குடத்தைச் சாய்க்காம நீங்களே அவனைக் காலி பண்ண வைங்க. மறுநிமிஷம் நானும் காலி பண்ணிடறேன்."

பட்டு வேட்டியோடு இறங்கிய ஜமீன்தார் அமுக்கினார், குடம் எம்பியது. மேலே ஏறி உட்கார்ந்தார். குடம் நழுவி மேலே வந்தது, ஜமீன்தார் தலைகுப்புற உள்ளே போனார். ஊரே கைகொட்டிச் சிரித்தது.

"காத்துக்கு ஜமீன் உத்தரவு புரியலை போல, சாமி" என்றாள் இருளாயி.

ஜமீன்தார் வேட்டியைப் பிழிந்துகொண்டே நடையைக் கட்டினார்.