இறுக்கிய வயர்

கல்லூரி அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரில் மேலாளர் வரதராஜுலு திரைக்குப் படம் அனுப்பும் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினார். திரை இருண்டது. பழி, அறையைத் துடைக்கும் செங்கமலத்தின் மேல் விழுந்தது.

"நீதான் கெடுத்தே. இப்பவே சரி பண்ணு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"துடைக்கிறப்ப திரை வயரைப் பிடுங்கிட்டேனாங்க, ஐயா?"

"எப்படிப் பிடுங்குவே? என் கையால திருகி இறுக்கியிருக்கேன்!"

தினமும் தூசி தட்டுகிறவளுக்குப் பெட்டியின் பின்பக்கம் அத்துப்படி. குமாஸ்தாக்கள் எல்லாரும் பார்க்க அதைத் திருப்பினாள்.

"நல்லாத்தான் இறுக்கியிருக்கீங்க, ஐயா. ஆனா பழைய இடத்துலயே. புது கார்டு சும்மா கிடக்கு."

வயரைக் கழற்றிப் புது கார்டில் சொருகினாள். திரை பளிச்சென்று வந்தது. குமாஸ்தாக்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரைத் தொட்டாளாம். அவள் வெளியேறும்போது குமாஸ்தாக்களில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.