ஆறு விநாடிக்கு ஒரு வண்டி

மேம்பாலச் சாலைக்கு ஏறும் வழியில், மேலே நெரிசல் ஆகாமல் இருக்க, ஒரு சிக்னல் உண்டு. ஆறு விநாடிக்கு ஒரு பச்சை. ஒரு பச்சைக்கு ஒரு வண்டிதான் ஏறலாம். மற்றவர்கள் நின்று திட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேமராவில் பார்த்து நடத்துகிறவர் செண்பகவடிவு. அவரிடம் வேலை பழக வந்தவர் தேவசகாயம், பதினெட்டு வருஷம் போக்குவரத்துப் போலீஸாக நாற்சந்தியில் நின்ற ஆள். கூட்டம் சேர்ந்தால் திறந்துவிடு, கரைந்துவிடும். அவருக்குத் தெரிந்த வித்தை அதுதான்.

திங்கட்கிழமை காலை செண்பகவடிவு சாப்பிடப் போயிருந்தார். வரிசையில் நின்ற வேனிலிருந்து ஒருவர் மழையில் இறங்கி, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். தேவசகாயத்துக்கு மனசு கேட்கவில்லை. நாலு நிமிஷம் முழுப் பச்சை போட்டார்.

கீழே வரிசை கரைந்தது. மேலே சாலை அடைத்துக்கொண்டது. மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றும் நகரவில்லை. நடுவில் மாட்டிய ஆம்புலன்ஸில் பிரசவத்துக்குப் போன பெண் இருந்தாள். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

மறுநாள் அவர் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார்.

"மேடம், இரக்கப்பட்டது தப்பா?"

செண்பகவடிவு கடிதத்தை வாங்கவில்லை. மேம்பாலம் தெரிகிற திரையைக் காட்டினார்.

"இதுல யார் தெரியுறாங்க?"

"யாரும் தெரியல. வண்டிங்க போயிட்டே இருக்கு."

"உள்ள யாரு, எதுக்குப் போறாங்க?"

"அது எப்படித் தெரியும்?"

"தெரியாது. இவங்க யாரும் இறங்கி வந்து உங்களைக் கும்பிடவும் மாட்டாங்க."

எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். தேவசகாயம் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வரிசையின் கடைசியில் ஒரு காரின் கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கி, பின்சீட்டைக் காட்டிக் காட்டிக் கும்பிட்டாள்.

"மேடம்..."

"பாத்தேன்." செண்பகவடிவு போனை எடுத்து ரோந்து வண்டிக்குச் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினார். "கிளம்பிட்டாங்க."

"முன்னால நாப்பது வண்டி நிக்குது. அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஒருதடவை அப்படி ஆச்சு. அன்னைக்கு இந்த நாற்காலியில நான்தான் இருந்தேன். சிக்னலை மாத்தல."

"மேல?"

"மேல ஒருத்தரும் நிக்கல. கீழ வரிசையில காத்திருந்த ஒரு மனுஷனோட உயிர் போயிடுச்சு."

தேவசகாயம் அவர் முகத்தையே பார்த்தார்.

"மறுநாள் எப்படி மேடம் வேலைக்கு வந்தீங்க?"

செண்பகவடிவு மேசை டிராயரை இழுத்தார். உள்ளே பழுப்பேறிய ராஜினாமாக் கடிதம் ஒன்று கிடந்தது, அவர் கையெழுத்தில். தேவசகாயத்தின் கடிதத்தை வாங்கி அதன்மேல் வைத்து மூடினார்.

"அந்தம்மா இன்னும் கும்பிட்டுட்டுத்தான் நிக்குது. திரையைப் பாருங்க."