இல்லாத கம்ப்யூட்டரில் ஒரு சோதனை

கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிற மூன்று பேர் தென்காசியில் இருந்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன். அவருக்குக் கீழே சங்கரவடிவும் பேச்சிமுத்துவும். மூன்று பேருக்கும் புத்தி சொல்வது யார் என்று மட்டும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மழை அளவைக் கொடுத்தால் சராசரியும் ஏற்ற இறக்கமும் போட்டுத் தருகிற ‘மழைமணி’ என்ற பேக்கேஜை, அதாவது நிரல் தொகுப்பை, அவர்கள் ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தார்கள். அது கலர் படமும் வரையும். ஆனால் படத்துக்கு மட்டும் வேறு யாரோ எழுதிய ‘தூரிகை’ என்ற பேக்கேஜின் துணை வேண்டும்.

பேக்கேஜ்களைச் சரிபார்த்து எல்லோருக்கும் வழங்கும் கிடங்கிலிருந்து சக்கரியா போன் செய்தார்.

“சார், தூரிகை எல்லார்கிட்டயும் இருக்காது. அதைக் கட்டாயமாக்காதீங்க. இருந்தா படம் போடுங்க. இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு, கணக்கை மட்டும் குடுங்க. அது இல்லாத கம்ப்யூட்டர்லயும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க. பூவாணி அணையில இதுக்காகக் காத்துட்டிருக்காங்க.”

ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவருக்கு எப்போதுமே வராது.

“ஒரு வார்த்தைன்னு சொல்லிட்டாரு. ரெண்டு ஆயிடக் கூடாது,” என்றார்.

“‘மன்னிக்கவும்’னு போடலாமா அண்ணாச்சி?” என்றாள் சங்கரவடிவு.

“நாம என்ன தப்பு செஞ்சோம்?”

“அப்போ ‘இல்லை’?” என்றான் பேச்சிமுத்து.

“எது இல்லைன்னு கேப்பான். அதுக்கு இன்னொரு வார்த்தை வேணும்லா?”

சாயங்காலம் வரை விவாதித்து, கடைசியில் ‘ஐயோ’ என்று முடிவானது. படம் வராத துக்கம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக மூவருக்கும் பட்டது.

அடுத்தது சோதனை.

“இல்லாத கம்ப்யூட்டருக்கு எங்க போறது அண்ணாச்சி?” என்றான் பேச்சிமுத்து.

“வெளிய எதுக்குலே போகணும்? நம்மகிட்டயே இல்லையா?” என்று ஆவுடையப்பன் காலி மேஜையைக் காட்டினார்.

வடிவு மேஜையைத் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து வெறும் பலகையில் தட்டினாள்.

“பிழை ஏதும் வருதா?”

“ஒண்ணுகூட வரல அண்ணாச்சி.”

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு விம்மியது. பிழையே வராத கம்ப்யூட்டரை அவர் அன்றுதான் பார்க்கிறார். கிளம்பும்போது பேச்சிமுத்து மறக்காமல் அதை அணைத்துவிட்டு வந்தான்.

பூவாணி அணையில் வேலையிலிருந்த அருளானந்தம் மழை அளவை மழைமணிக்குள் கொடுத்தார். அங்கே தூரிகை இல்லை. திரையில் பெரிய எழுத்தில் ‘ஐயோ’ என்று வந்தது. கீழே கணக்கும் வந்தது. அதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. ஓடிப்போய் அபாயச் சங்கை ஊதிவிட்டார்.

ஆற்றோர ஊர் மொத்தமும் ஆடு, கட்டில், கிரைண்டரோடு மலையேறியது. பிறகுதான் அவர் ஆவுடையப்பனுக்குப் போன் செய்தார்.

“உங்க பேக்கேஜ் என்னய்யா சொல்லுது?”

“படம் வரைய முடியலையேன்னு வருத்தப்படுது சார்.”



“சனம் நான் சொன்னா இறங்க மாட்டேங்குது. நீங்களே வந்து இறக்குங்க.”

மூன்று பேரும் கிளம்பிப் போகிற வழியில்தான் ஆவுடையப்பனுக்கு அது உறைத்தது. பிள்ளைகுட்டியோடு ஏறியவர்கள் வழுக்கி விழுந்திருந்தால்? சக்கரியாவுக்கு போன் போட்டு, என்ன சொல்வது என்று கேட்டார். பேக்கேஜில் என்ன எழுதுவது என்று கேட்பதாக நினைத்த சக்கரியா பொறுமையாகச் சொன்னார்: “இது கட்டாயமில்லை, விருப்பம்தான், வேண்டாம்னாலும் மத்த வேலை நடக்கும்னு முழுசாச் சொல்லுங்க சார்.”

மலையடிவாரத்தில் ஆவுடையப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பொதுமக்களே! வெள்ளம் கட்டாயமில்லை. விரும்புறவங்க மட்டும் வச்சுக்கலாம். வேண்டாம்னாலும் மத்த வேலையெல்லாம் ஒழுங்கா நடக்கும்!”

மேலே சலசலப்பு. கூடிப் பேசினார்கள். பிறகு, “எங்களுக்கு வேண்டாம்”, “எங்களுக்கும் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குடும்பமாக இறங்கி வீட்டுக்குப் போனது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது.

கடைசியாக இறங்கிய விவசாயி ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

“ஐயா, ஊருக்கு வேண்டாம்னா சரி. என் கீழ வயலுக்கு மட்டும் முழங்கால் அளவு கிடைக்குமா?”

ஆவுடையப்பன் அவர் கைகாட்டிய வயலைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சொன்னார்:

“ஏலே பேச்சிமுத்து, இவருக்கு மட்டும் கட்டாயம்னு போட்டுக்கோ.”