முள்ளுக்காட்டுத் தலைவரும் கலங்கிய தண்ணீரும்

முள்ளுக்காட்டுக்கு எருமைக்கடா மலையாண்டிதான் தலைவர். எத்தனை தேர்தல் வந்தாலும் அவர் பேச்சு ஒன்றுதான்.

"தாத்தா காலத்து வழக்கத்தை மாற்றினால் மழை பொய்த்துவிடும்!"

வழக்கம் என்ன தெரியுமா? குட்டையில் எருமைகள் முதலில் இறங்கும். குடித்து, புரண்டு, குளித்து எழுந்த பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். அடேயப்பா, என்ன நியாயம்!

"தலைவரே, சின்னவர்கள் முதலில் குடிக்கட்டுமே! எங்களுக்குச் சேறுதான் மிஞ்சுகிறது" என்றது முயல் செங்காந்தி.

"வாயை மூடு! மழை வேண்டாமா உனக்கு?"

மழை என்றதும் எல்லாருக்கும் பயம். வாலைத் தூக்கி அவருக்கே வாக்களித்தார்கள்.

அந்தக் கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாளில் குட்டிகள் செத்துவிடும். மலையாண்டி பக்கத்துப் பெருங்காட்டு ஆற்றில் குடிக்க அனுமதி கேட்டு ஓடினார்.

"தாராளமாகக் குடியுங்கள்!" என்றார் யானைத் தலைவர். "ஆனால், நாங்கள் குளித்து முடித்த பிறகுதான். வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் எங்கள் வழக்கம்."

யானைக்கூட்டம் ஆற்றைக் கலக்கிவிட்டு ஏறியது. மலையாண்டி ஆசையாய் ஒரு வாய் உறிஞ்சினார். தூ! வாயெல்லாம் சேறு!

"இதை எப்படி ஐயா குடிப்பது? குட்டிகள் தாங்காதே! நாங்கள் முதலில் குடித்துவிட்டுப் போகிறோமே!"

"நீங்களா இதைக் கேட்பது? வழக்கத்தை மாற்றினால் மழை பொய்த்துவிடுமாமே!"

மலையாண்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

"நான் என் குட்டையில் மாற்றிவிட்டு வந்தால்?"

"அப்படியா? அன்றைக்கே நாங்களும் மாற்றுகிறோம்!" என்று யானை சிரித்தது.

ஒரே ஓட்டமாக ஊர் திரும்பினார் மலையாண்டி. எருமைகளைக் கரையில் நிறுத்தினார். "செங்காந்தி, நீ முதலில் குடி அம்மா!" என்றார். முயல் குடித்தது, மான்கள் குடித்தன. யாரும் புரண்டு கலக்காததால் எருமைகளுக்கும் அன்றைக்குப் போதுமான தண்ணீர் இருந்தது. யானையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, ஆற்றில் அவர்களை முதலில் குடிக்கவிட்டது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

மழையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது!

அடுத்த தேர்தலில் மலையாண்டி மார் நிமிர்த்தி முழங்கினார்: "சின்னவர்களுக்கே முதல் தண்ணீர்! இதுவே நம் பழைய வழக்கம்!"

"எப்போதிலிருந்து தலைவரே?" என்றது செங்காந்தி.

"போன கோடையிலிருந்து!" என்றார் அவர். காடே சிரித்தது. வால்கள் எல்லாம் உயர்ந்தன, முயலின் குட்டை வாலும்தான்.

அடுத்தவர் தாகத்தை மதிக்காத வழக்கம் எவ்வளவு பழையதானாலும் மாற்றத்தக்கதே.